குண்டு பல்பா, சுருள் பல்பா? வெளிச்சம் பற்றி மலையகத்து வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இலங்கை மலையகத்தில் தலவாக்கலை, ஹட்டன் பக்கம் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். லயத்துக் காம்பராவோ (தோட்டத்து வரிசை வீட்டு அறை) புதிதாகக் கட்டிய தனி வீடோ, வேலை முடிந்து தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தால் பேச்சு கடைசியில் பல்பில்தான் வந்து நிற்கும். "60 வாட்டுக்குச் சமம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, மாட்டினால் அப்படித் தெரியவில்லையே" என்று சிலர் கேட்பார்கள். "சுருள் பல்ப் போட்ட பிறகுதான் வீடே வெளிச்சமானது" என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஏன் அப்படி என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

குண்டு பல்ப் என்று நான் சொல்வது உள்ளே கம்பி சூடாகி எரிகிற பழைய பல்பை. சுருள் பல்ப் என்பது சீ.எஃப்.எல், சுருளாக இல்லாமல் குழாய் வளைந்து வளைந்து நிற்பதும் அதே இனம்தான்.

வாட் கூடினால் வெளிச்சம் கூடும்தானே, அப்புறம் ஏன் 14 வாட் பல்பை 60 வாட்டுக்குச் சமம் என்கிறார்கள்?

வாட் என்பது பல்ப் எவ்வளவு கரண்ட் தின்கிறது என்கிற கணக்கு. எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்பதை லூமன் என்ற அளவில் சொல்வார்கள், பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருக்கும். ஒரு மெழுகுவர்த்தி ஏறத்தாழ 12 லூமன் தரும் என்று வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் மனதில் பிடிபடும். குண்டு பல்பில் கம்பி 2700 கெல்வின் அளவுக்குச் சூடாகித்தான் வெளிச்சம் வருகிறது, அதனால் தின்கிற கரண்டில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடும், வெளிச்சமாவது நூற்றுக்கு ஐந்து பங்கு போல. சுருள் பல்பில் கம்பி எரிவதில்லை. குழாய்க்குள் இருக்கும் துளி பாதரசம் ஆவியாகி, கரண்ட் பாயும்போது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை விடுகிறது, குழாயின் உள்பக்கம் பூசியிருக்கும் வெள்ளைப் பொடி அதை வாங்கி வெளிச்சமாக மாற்றுகிறது. ஒரு வாட்டுக்குக் குண்டு பல்ப் 10 முதல் 14 லூமன் தந்தால், சுருள் பல்ப் 50 முதல் 65 வரை தரும்.

சரி, எங்கள் வீட்டுக் குண்டு பல்புக்குப் பதிலாக எத்தனை வாட் சுருள் பல்ப் வாங்க வேண்டும்?

நமது 230 வோல்ட்டில் 40 வாட் குண்டு பல்ப் ஏறத்தாழ 415 லூமன், 60 வாட் பல்ப் 700 சொச்சம், 100 வாட் பல்ப் 1350 போல. சுருள் பல்பில் 11 வாட் என்றால் 600க்குப் பக்கம், 14 வாட் 800க்குப் பக்கம், 18 வாட் 1100, 23 வாட் 1450 அளவில் வரும், கம்பனிக்குக் கம்பனி கொஞ்சம் முன்பின் இருக்கும். அதன்படி 60 வாட்டுக்கு 14, 100 வாட்டுக்கு 23. வாட்டை நாலால் வகுத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும். ஐந்தால் வகுக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. அப்படி வாங்கிப் போட்டவர்கள்தான் "மங்கல், மங்கல்" என்று என்னைக் கூப்பிடுகிறார்கள்.

11 வாட் பெட்டியிலேயே 60 வாட்டுக்குச் சமம் என்று போட்டிருக்கிறதே, அது பொய்யா?

கூட்டிச் சொன்னது என்பேன். 600 லூமன் எப்படி 710க்குச் சமமாகும்? ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு 2009இல் விதியே போட்டது. 60 வாட்டுக்குச் சமம் என்று சுருள் பல்பில் எழுத வேண்டுமானால் அது குறைந்தது 741 லூமன் தர வேண்டும், 40க்கு 432, 75க்கு 970, 100க்கு 1398 என்பது அந்த விதியில் இருந்த கணக்கு. ஹட்டனில் நின்று பல்ப் வாங்கும்போதும் இந்த நான்கு எண்களை மனதில் வைத்துக்கொண்டு, பெட்டியைத் திருப்பி லூமனைப் பாருங்கள். "சமம்" என்கிற பெரிய எழுத்தை விட்டுவிடுங்கள். லூமனே போடாத பெட்டியை நான் வாங்குவதில்லை, வாங்கச் சொல்வதும் இல்லை.

இணையத்தில் பார்த்தால் 60 வாட் குண்டு பல்ப் 800 லூமன் என்கிறார்கள், நீங்கள் 700 என்கிறீர்கள்?

அது அமெரிக்கக் கணக்கு. அங்கே வீட்டுக் கரண்ட் 120 வோல்ட், அதனால் கம்பி தடிப்பாகவும் குட்டையாகவும் இருக்கும், கூடச் சூடாக்கி எரிய வைக்கலாம். நம்முடைய 230 வோல்ட்டுக்குக் கம்பி மெல்லியதாக, நீளமாக இருக்க வேண்டும், அதனால் அதே வாட்டுக்கு வெளிச்சம் சற்றுக் குறைவு.

நாங்கள் நுவரெலியா பக்கம். சுவிட்சைப் போட்டால் முதலில் ஒரே மங்கல், கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளிச்சம் வருகிறது. பல்ப் பழுதா?

பழுதில்லை, குளிர்தான். சமவெளியில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி வராது, நமக்கு வரும். சுருள் பல்பின் வெளிச்சம் குழாய்க்குள் எவ்வளவு பாதரசம் ஆவியாகிறது என்பதைப் பொறுத்தது, அது குழாயின் ஆகக் குளிர்ந்த இடத்தின் சூட்டைப் பொறுத்தது. பெட்டியில் போட்டிருக்கும் லூமனை 25 பாகை செல்சியஸ் அறையில் வைத்து அளந்திருப்பார்கள். நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேலே 1868 மீற்றர், வருடச் சராசரியே 16 பாகைக்குப் பக்கம், தை மாசி விடியற்காலையில் புல்லில் உறைபனி விழுகிற இடம். அங்கே விடிய நாலரைக்கு இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) சுவிட்சைப் போட்டால் பாதரசம் ஆவியாகவே நேரம் எடுக்கும். முழு வெளிச்சத்துக்கு ஒரு நிமிடத்திலிருந்து மூன்று நிமிடம் வரை பொறுக்க வேண்டும். காற்று அடிக்கிற திறந்த இஸ்தோப்பு என்றால் குழாய் சூடாக விடாமல் காற்று கொண்டுபோய்க்கொண்டே இருக்கும், எவ்வளவு நேரம் விட்டாலும் பெட்டியில் சொன்ன வெளிச்சம் வராது.

வீட்டுக்குள்ளே இந்தக் கவலை குறைவு, அடுப்புச் சூடும் ஆட்களின் சூடும் இருக்கும். இஸ்தோப்புக்கும் வெளிக் கக்கூசுக்கும் சுருள் பல்பைத்தான் போடுவீர்கள் என்றால் ஒரு படி கூட்டி, 11 போட நினைத்த இடத்தில் 14 போடுங்கள். மழை படாமல் கண்ணாடி மூடி போட்டால் உள்ளே கொஞ்சம் சூடு தங்கும், அதுவும் உதவும். ஆனால் சூடு கூடிப்போனாலும் வெளிச்சம் குறையும் என்பதால், வீட்டுக்குள் இறுக்கமான சிறு கூண்டுக்குள் 23 வாட்டைத் திணிக்க வேண்டாம்.

லயத்தில் கடைசிக் காம்பரா எங்களுடையது. ஆறு மணிக்கு மேல் குண்டு பல்ப் சிவந்து போய்த் தணல் மாதிரி எரிகிறது. சுருள் பல்ப் போட்டால் மாறுமா?

மாறும், நன்றாகவே மாறும். சுருள் பல்ப் உண்மையிலேயே கைகொடுக்கிற இடம் இதுதான்.

டிரான்ஸ்போமரிலிருந்து தூரத்தில், ஒரே வயரில் பல வீடுகள் தொங்குகிற இடத்தில், எல்லோரும் சமைக்கிற நேரத்தில் வோல்டேஜ் விழும். போன வருடம் ஒரு லயத்தின் கடைசி வீட்டில் இரவு ஏழு மணிக்கு மீற்றரை வைத்தேன், 184 வோல்ட் காட்டியது. 230இல் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதற்கேற்ப வெளிச்சமும் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும் என்று நினைப்பீர்கள், குண்டு பல்பில் அப்படி நடப்பதில்லை, கம்பியின் சூடு தணியத் தணிய வெளிச்சம் மளமளவென்று விழும். 184 வோல்ட்டில் அது பாதிக்கும் கீழே போய்விடும். அந்த வீட்டு 60 வாட் பல்ப் அப்போது தந்தது 330 லூமன் அளவுதான் இருக்கும், சரியான வோல்டேஜில் எரிகிற 40 வாட் பல்பை விடக் குறைவு. அந்த வெளிச்சத்தில் ஒரு பெண் பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

சுருள் பல்பின் அடியில் ஒரு சின்ன மின்சுற்று இருக்கிறது, வோல்டேஜ் குறைந்தால் அது ஓரளவு தாக்குப் பிடிக்கும், வெளிச்சம் ஏறத்தாழ வோல்டேஜ் குறைந்த அளவுக்கே குறையும். அதே 184 வோல்ட்டில் 14 வாட் சுருள் பல்ப் 600 லூமனுக்கு மேல் தரும், அதாவது பக்கத்தில் எரியும் 60 வாட் குண்டு பல்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வீடே வெளிச்சமானது என்கிறவர்கள் பெரும்பாலும் இப்படிக் கடைசி வீட்டுக்காரர்கள்தான். ஒரு விஷயம், வோல்டேஜ் மிகவும் விழுந்தால் சுருள் பல்ப் பற்றாமல் சிமிட்டிக்கொண்டே இருக்கும். அப்போது அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சீக்கிரம் போய்விடும். அப்புறம் எல்லா வீடும் சேர்ந்து வோல்டேஜ் பற்றி எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், எத்தனை மணிக்கு எத்தனை வோல்ட் என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு போனால் பேச்சுக்குப் பலம் இருக்கும்.

வெள்ளை வெளிச்சம் கூடப் பிரகாசமா, மஞ்சள் வெளிச்சம் கூடப் பிரகாசமா?

லூமன் ஒன்றாக இருந்தால் வெளிச்சமும் ஒன்றுதான். வெளிச்சத்தின் நிறத்தையும் கெல்வினில்தான் சொல்வார்கள், பெட்டியில் 6500 கெல்வின் என்றால் நீலம் கலந்த வெள்ளை, 2700 என்றால் குண்டு பல்பைப் போல மஞ்சள். நம் கடைகளில் 6500தான் அதிகம் விற்கிறது, பார்த்ததும் பளிச்சென்று தெரிகிறது என்பதால் ஆட்களும் அதையே கேட்கிறார்கள். ஆனால் நிறம் காட்டுவதில் குண்டு பல்ப்தான் மேல். அதை 100 என்று வைத்தால் நல்ல சுருள் பல்பே 80 சொச்சம்தான். சிவப்பு சற்றுச் செத்த மாதிரித் தெரியும், மிளகாய்த்தூளும் இறைச்சியும் வேறு மாதிரித் தெரிகிறது என்று குசினியில் சொல்வார்கள். பழைய பல்பைப் போலவே வேண்டும் என்றால் 2700 கேட்டு வாங்குங்கள்.

பிள்ளை படிக்க எந்த பல்ப் போடலாம்? 100 வாட்டுக்குச் சமமானது போட்டும் கண் வலிக்கிறது என்கிறான்.

பல்பை மாற்றும் முன் அது எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். இதை விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பல்ப் வாங்கும் காசை விட இதில்தான் பயன் கூட.

பல்ப் தருகிற வெளிச்சம் நாலாபக்கமும் பரவுகிறது, புத்தகத்தில் விழுவதுதான் நமக்கு வேண்டியது. அதை லக்ஸ் என்று அளப்பார்கள். வாசிக்கவும் எழுதவும் 300 லக்ஸ் இருந்தால் நல்லது. ஒரு 740 லூமன் பல்ப் கூரை உத்தரத்தில் தொங்குகிறது, பிள்ளை தரையில் பாய் போட்டுப் படிக்கிறான், இடையில் இரண்டு மீற்றர் என்றால் பல்பிலிருந்து நேராகப் புத்தகத்துக்கு வருவது 15 லக்ஸ்தான். அதே பல்பை ஒரு மீற்றருக்கு இறக்கினால் 59, அரை மீற்றரில் 230க்கு மேல். தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு. கடையில் எந்தப் பல்பை வாங்கி மாட்டினாலும் இந்த நாலு மடங்கு வராது.

சுவர் வெள்ளையாக இருந்தால் நாலாபக்கமும் போன வெளிச்சத்தில் ஒரு பங்கு திரும்பி வரும். விறகடுப்புப் புகை படிந்து கறுத்த சுவரும் தகரமும் விழுந்த வெளிச்சத்தை அப்படியே விழுங்கிவிடும், சீலிங் இல்லாத காம்பராவில் மேலே போகிற பாதி வெளிச்சம் போனதுதான். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ வெள்ளையடிக்கும்போது படிக்கிற மூலைக்கு முதலில் அடியுங்கள்.

சுருள் பல்பில் இன்னும் ஒன்று கவனிக்க வேண்டும். குண்டு பல்ப் கீழேயும் பக்கத்திலும் ஒரே மாதிரி எரியும், சுருள் பல்ப் பக்கவாட்டில்தான் அதிகம் வீசும், நுனிக்கு நேர் கீழே குறைவு. அதனால் தலைக்கு மேலே நேராகத் தொங்கவிட்டால் லூமன் சமமாக இருந்தும் புத்தகத்தில் மங்கலாகத் தெரியலாம். உள்பக்கம் வெள்ளைப் பூச்சு உள்ள தகர ஷேட் போட்டால் பக்கவாட்டில் போவது கீழே வரும். நான் செய்து கொடுப்பது இதுதான்: படிக்கிற இடத்துக்கு நேராகத் தனி ஹோல்டர், வெள்ளை ஷேட், 14 வாட் சுருள் பல்ப், மேசைக்கு மேலே இரண்டு அடி உயரம். பழைய வயரில் டேப் சுற்றி ஒட்டுப்போட்டு இறக்காதீர்கள், கூரையிலிருந்து ஹோல்டர் வரை ஒட்டில்லாத முழு வயராக இருக்கட்டும்.

இரண்டு பல்பில் எது வெளிச்சம் என்று வீட்டிலேயே அளக்க முடியுமா?

முடியும், அதுவும் ஒரு துளி தேங்காய் எண்ணெயில். 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மன் இரசாயனவியலாளர் ரொபர்ட் புன்சன் கையாண்ட முறை இது. வெள்ளைத் தாளின் நடுவில் ஒரு துளி எண்ணெய் விட்டுக் காயவிடுங்கள். இரண்டு பல்பையும் ஒரே உயரத்தில், இரண்டு மீற்றர் இடைவெளியில் எரியவிட்டு, நடுவில் தாளை நிமிர்த்திப் பிடியுங்கள். நீங்கள் பார்க்கும் பக்கத்தில் வெளிச்சம் கூட என்றால் எண்ணெய்ப் பொட்டு கறுப்பாகத் தெரியும், பின்பக்கம் கூட என்றால் அந்தப் பொட்டு பளபளக்கும். தாளை முன்பின் நகர்த்தினால் ஓரிடத்தில் பொட்டு மறைந்த மாதிரி ஆகும், அங்கே இரண்டு பக்கமும் வெளிச்சம் சமம். அங்கிருந்து இரண்டு பல்புக்கும் தூரத்தை அளந்து, பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்குங்கள். உதாரணமாகச் சுருள் பல்புக்கு 103 சென்ரிமீற்றர், குண்டு பல்புக்கு 97 என்றால் 1.13 வரும், அதாவது சுருள் பல்ப் 13 சதவீதம் கூட.

இரவில் செய்யுங்கள், சுருள் பல்பை ஐந்து நிமிடம் எரியவிட்டுப் பிறகு அளக்கவும். கறுத்த குசினிச் சுவர் இதற்கு மட்டும் நல்லது, வெளிச்சம் திரும்பி வந்து கணக்கைக் குழப்பாது. வெள்ளை பல்பையும் மஞ்சள் பல்பையும் ஒப்பிட்டால் பொட்டு முழுதாக மறையாது, ஆகக் குறைவாகத் தெரிகிற இடத்தை எடுத்துக்கொள்ளலாம். போன் கமராவில் படம் எடுத்து ஒப்பிடுவதில் பலனில்லை, அது தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும்.

வாங்கியபோது நன்றாக இருந்தது, இரண்டு வருடத்தில் மங்கிவிட்டது?

ஆமாம், உள்ளே பூசிய பொடி பழசாகும். ஆயுள் முடிகிற காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம் போயிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் கண்ணுக்குத் தெரியாது, பக்கத்தில் புதியதை மாட்டினால்தான் தெரியும். முதலில் துணியால் துடைத்துப் பாருங்கள், விறகடுப்பு வீட்டில் குழாய் மேல் கரி படிந்தே பாதி மங்கல். அணைத்து, ஆறவிட்டு, அடிப்பாகத்தைப் பிடித்துத் துடையுங்கள்.

பில்லில் எவ்வளவு குறையும்?

60 வாட் பல்ப் தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட், 14 வாட் என்றால் 2.1 யூனிட். இரண்டு பல்ப் மாற்றினால் 13.8 யூனிட் மிச்சம். பாவிக்கிற யூனிட் கூடக் கூட யூனிட் விலையும் படிப்படியாக ஏறுவதால், மாதம் 70 யூனிட் வருகிற வீடு 60க்குக் கீழே இறங்கினால் பில்லில் நன்றாகவே தெரியும். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கத் தண்ணீரில் ஓடுகிற கரண்ட்டுக்கு ஆகப் பெரிய இழுவை மாலை ஆறரை முதல் பத்தரை வரை, நாம் பல்ப் எரிக்கிற அதே நேரம்.

கக்கூசுக்குச் சுருள் பல்ப் சரிவருமா?

வராது. போட்டுப் போட்டு அணைத்தால் ஆயுள் குறையும், முழு வெளிச்சம் வருவதற்குள் நீங்களும் வெளியே வந்துவிடுவீர்கள்.

கீழே விழுந்து உடைந்துவிட்டால்?

உள்ளே இருக்கும் பாதரசம் சில மில்லிகிராம்தான், பயந்து ஓட வேண்டாம், ஆனால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, கதவு ஜன்னலைத் திறந்து கால் மணி நேரம் விடுங்கள். விளக்குமாற்றால் கூட்டக் கூடாது, அட்டைத் துண்டால் வாரி, ஈரத் துணியால் ஒற்றி, மூடியுள்ள போத்தலில் போடுங்கள். அடுப்பில் மட்டும் எறிந்துவிடாதீர்கள்.

இப்போது எல்.ஈ.டி வந்துவிட்டதே, இனி சுருள் பல்ப் எதற்கு?

புதிதாக வாங்குவதானால் எல்.ஈ.டிதான் வாங்குங்கள். 9 வாட்டிலேயே 800 லூமன், குளிரிலும் போட்ட உடனே முழு வெளிச்சம், இஸ்தோப்புக்கும் கக்கூசுக்கும் அதுவே சரி. வீட்டில் நன்றாக எரிகிற சுருள் பல்பைக் கழற்றி எறியத் தேவையில்லை. எல்.ஈ.டி பெட்டியிலும் அதே "சமம்" விளையாட்டு இருக்கிறது, அங்கேயும் லூமனைத்தான் பாருங்கள்.

கழற்றிய குண்டு பல்புகளை என்ன செய்வது?

கோழி வளர்க்கிற வீடு என்றால் எடுத்து வையுங்கள். நமது குளிரில் குஞ்சுகளுக்கு முதல் மூன்று நான்கு வாரம் சூடு வேண்டும், அந்தச் சூட்டைத் தருவது குண்டு பல்ப்தான், சுருள் பல்ப் போட்டால் குஞ்சுப் பெட்டி வெளிச்சமாக இருக்கும், குஞ்சு விறைத்துப் போகும். வைக்கோலோ தாளோ படாத உயரத்தில் உறுதியாகக் கட்டித் தொங்கவிடுங்கள். குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கினால் கொஞ்சம் இறக்குங்கள், விலகி ஓரத்தில் போய் நின்றால் உயர்த்துங்கள்.